என் மதினியைப் பற்றி மூன்று அறிக்கைகள்

மதினி கேட்டது ஒரு டெலிபோன் பூத்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எஸ்.டி.டி. என்று எழுதிய மஞ்சள் பலகைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அந்த வருஷம் எங்கள் கரிசலில் வேறெதுவும் ஒழுங்காக முளைக்கவில்லை. திருச்சுழி போகிற ரோட்டில், எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில், ஒரு வேப்பமரமும் டீக்கடையும் பஞ்சர் ஒட்டும் கொட்டகையும் இருந்தன. போன் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு நாலு வார்த்தை பேசுவதற்காகவே வீரசோழன் பக்கமிருந்து பஸ் ஏறி டவுனுக்குப் போய்த் திரும்புகிற தாய்மார்களை மதினி பார்த்திருந்தார். இவுகளெல்லாம் நம்ம வெலக்குல எறங்கிப் பேசிட்டுப் போகலாம்ல என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அந்த வேப்பமரத்தடியில் ஒரு பெட்டி போன்ற அறையை மனசுக்குள் கட்டி, அதில் குடியும் போய்விட்டார்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவருடைய இடது காலை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டது. கால் வளரவில்லை, மதினி மட்டும் வளர்ந்தார். இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்து, உடம்பைச் சாய்த்து ஒரு எட்டு, நிமிர்ந்து ஒரு எட்டு. தூரம் போவதென்றால் கையில் ஒரு மூங்கில் கம்பு. பத்தாவது பாஸ். அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்து. அடுத்த தெரு வரை போகிற தெளிவான குரல். அண்ணன் டவுனில் பவர்லூமில் ஷிப்ட் பார்த்தான். அவன் போன பிறகு நாள் முழுவதும் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவே இருந்த இருட்டில் அந்தக் குரல் யாரிடம் பேசும்? ரோட்டைப் பாக்க ஒக்காந்து ஒரு வேல செய்யணும் என்பார். வேறு ஆசை எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

பூத் ஒதுக்குவதில் ஊனமுற்றோருக்கு முன்னுரிமை என்று ரேடியோவில் சொன்னதை மதினிதான் முதலில் கேட்டார். விண்ணப்பம் போட்டார். கொஞ்ச நாளில், விசாரணைக்கு ஒரு அதிகாரி வீட்டுக்கே வருவார் என்று தகவல் வந்தது.

அந்த விசாரணை நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு முட்டும். ஒரு நாடகக் குழுகூட அப்படி ஒத்திகை பார்த்திருக்காது.

ஆபீசர் வாராக என்றதும் அம்மா வீட்டைச் சாணி போட்டு மெழுகினாள். வாசலில் கோலம். மதினியிடம் நல்ல சேலையாக் கட்டு என்றாள். மதினியும் கல்யாணத்தில் வந்த பட்டைத் தரையில் புரள இறக்கிக் கட்டிக்கொண்டார். மூங்கில் கம்பை அம்மா எடுத்துப்போய்த் தானியக் குலுக்கைக்குப் பின்னால் மறைத்தாள். வெளியாள் வரும்போது அது கண்ணில் பட்டால் வீட்டுக்கு அழகில்லை என்று அவளுக்கு. ஒரு காலை அளந்து பார்க்க வருகிற மனிதனுக்காக அந்தக் காலின் அடையாளங்களை எல்லாம் நாங்கள் ஒவ்வொன்றாக வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினோம். எவ்வளவு சுறுசுறுப்பு.

அதிகாரி வந்தார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த, நெற்றியெல்லாம் வியர்வையான, நல்ல மனிதர். அப்பா அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். அப்பா பருத்தி வாங்கி டவுன் கமிஷன் கடைகளுக்குப் போடுகிறவர். வெளியாளிடம் பேசும்போது சரக்கின் தரத்தைக் கொஞ்சம் தூக்கிச் சொல்லியே பழகிய நாக்கு. மதினி நிலைக்கதவை ஒட்டி நின்றார். மாமனார் இருக்கிற இடத்தில் மருமகள் உட்காருவதில்லை. போதாதற்கு ஆபீசரும் இருக்கிறார். அதிகாரி எழுதிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் நின்றார். முதுகும் ஒரு தோளும் நிலையில் சாய்ந்திருந்தன. பின்னால் மறைந்திருந்த கை நிலையின் விளிம்பைப் பற்றியிருந்தது. முன்பக்கம் பார்க்கிறவருக்குப் பட்டும் பணிவும் மட்டும்தான் தெரியும்.

நடப்பியாம்மா என்று அதிகாரி கேட்டார். மதினி வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"எங்க வீட்டு மருமகளுக்கு என்ன கொறை? எல்லாம் நல்லா நடக்கும்."

பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக்கு வந்து இரண்டு வார்த்தை கூடப் போட்டார். அம்மா காப்பி கொண்டு வந்தாள். மதினி டம்ளரை வாங்கி, இருந்த இடத்திலிருந்தே கை நீட்டிக் கொடுத்தார். அதிகாரி குடித்தார், கும்பிட்டார், போனார்.

மாதம் ஒன்று கழிந்து தபால் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணமாக அந்த விசாரணை அறிக்கையிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தார்கள். மனுதாரர் நீண்ட நேரம் துணையின்றி நிற்கிறார், நடமாடுகிறார், குறிப்பிடத்தக்க குறைபாடு எதுவும் தென்படவில்லை.

அண்ணன் கடிதத்தை வீசி எறிந்தான். கண்ணு அவிஞ்சவன் என்று அந்த அதிகாரியைத் திட்டினான். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மதினி கடிதத்தை எடுத்து மடிப்பை நீவி, இன்னொரு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவரு கண்டத எழுதிருக்காரு, கொழுந்தனாரே. நம்ம காட்டுனதத்தான் அவரு கண்டாரு."

நான் அப்போது பட்டம் வாங்கி வேலை இல்லாமல், சிறு பத்திரிகைகளில் கவிதை எழுதிக்கொண்டு, ஊருக்கும் டவுனுக்கும் காரணமில்லாமல் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நிற்காத காலும் மனசும். சும்மாதானே திரியுறீக, ஒரு மேல்மனு எழுதித் தாங்களேன் என்றார் மதினி. எழுதினேன். ஒரு ராத்திரி முழுக்க உருகி உருகி எழுதினேன். விதியின் கொடுங்கரம் வந்தது. வாடிய மலர் வந்தது. இருள் சூழ்ந்த வாழ்வு, கருணைக் கடல், எல்லாம் வந்தன. காலையில் படித்துக் காட்டியபோது மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"இது யாரப் பத்தி?"

"உங்களப் பத்தித்தான் மதினி."

"நான் எப்ப வாடுனேன்? என்னய எதுக்கு இப்படி அழ வைக்கிறீக? நிக்க முடியாது, ஒக்காந்து வேல பாக்க முடியும். அம்புட்டுத்தான எழுதணும்? அதுக்கு எதுக்குக் கடலு, மலரு?"

கீரைக் காம்புகளோடு என் மலரும் கடலும் முறத்தின் ஓரத்துக்குப் போயின. மிஞ்சியது அரைப்பக்கம். அதை அவரே தன் கையெழுத்தில் எழுதினார். நான் நின்றது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. அது தங்கள் பார்வையில் படும்படி நான் நிற்கவில்லை. எனவே மறுபடி பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறேன். அந்த அரைப்பக்கத்தின் நேர்மைக்கு எதிரில் அவை எல்லாம் கொஞ்சம் பூச்சூடிக்கொண்டுதான் நிற்கின்றன.

மனுவைக் கொடுப்பதற்காக மதினியைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து விலக்கு வரை மிதித்தேன். அங்கிருந்து பஸ். பஸ் படிக்கட்டில் அவர் ஏறுகிற விதத்தை அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கையாலும் கம்பியைப் பற்றி, உடம்பை ஒரே இழுப்பில் மேலே தூக்கி, காலைப் பின்னாலேயே வரச் செய்துவிடுவார். கையைப் பிடித்துத் தூக்கப் போனேன். கம்ப மட்டும் வாங்கிக்கிடுங்க என்றார்.

அலுவலக வாசலில் மனு தட்டச்சு செய்கிற ஒருவர் மதினியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உதவும் எண்ணத்தோடுதான், ஒரு யோசனை சொன்னார். இப்படிக் கம்பை ஊன்றி நிமிர்ந்து போனால் யாரும் இரங்க மாட்டார்கள், உள்ளே தவழ்ந்து போ தாயி, வேலை சட்டென்று முடியும் என்றார். மதினி அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"தவந்து போனா நாளைக்கும் தவந்துதான் வரணும். எனக்கு அது பழக்கமில்லண்ணே."

தலைமை எழுத்தர் மனுவைப் படித்தார். நியாயமாகத்தான் நடந்துகொண்டார். பெரியாஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டி ஒரு மருத்துவ அறிக்கை வாங்கி வரும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் ஒரு இளம் பெண். அப்போதுதான் வேலைக்கு வந்தவர் போலிருந்தது. மதினியைப் படுக்கவைத்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தபோது அவர் முகம் மாறிவிட்டது. இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டா சமையல் செய்தீர்கள், தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண்கள் கலங்கின. மளமளவென்று ஆங்கிலத்தில் எழுதி, மதினியின் தோளைத் தட்டி, கவலைப்படாதீங்க, பலமா எழுதியிருக்கேன் என்றார்.

வெளியே வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நான் அதைத் தமிழில் சொன்னேன். இவரால் நிற்கவோ நடக்கவோ இயலாது. எந்த வேலையும் செய்ய இயலாது. அன்றாடத் தேவைகள் எல்லாவற்றுக்கும் பிறர் துணை வேண்டும். எனக்கு ஒரே சந்தோஷம். இனி யார் மறுக்க முடியும் என்றேன். மதினி டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆற விட்டார்.

"எந்த வேலையுமா?"

"ஆமா மதினி."

"அப்ப பூத்த யாரு பாப்பாக?"

அலுவலகத்துக்குத் திரும்பியபோது தலைமை எழுத்தரும் அதையேதான் சொன்னார். இந்த அறிக்கையை வைத்து மாதாந்திர உதவித்தொகைக்கு எழுதினால் தட்டாமல் கிடைக்கும். ஆனால் எந்த வேலையும் செய்ய முடியாதவருக்குப் பூத் ஒதுக்கச் சொல்லி எப்படி அனுப்புவது? உதவித்தொகையை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரும்மா என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் உதவித்தொகையே போதும் என்றான். மாதம் பிறந்தால் தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார், ரோட்டோரம் போய் வெயிலில் உட்கார வேண்டியதில்லை. அவன் சொன்னதில் அன்பு இருந்தது. அவன் சம்பளம் நிலையில்லாதது, அதுவும் அந்தப் பேச்சில் இருந்தது. அம்மா அவன் பக்கம். அப்பா எந்தப் பக்கமும் இல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினி அடுப்படி வாசலில் இருந்து அண்ணனிடம்தான் சொன்னார், ஆனால் எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி.

"மாசாமாசம் நான் ஒண்ணுக்கும் ஆகாதவளுன்னு கையெழுத்துப் போட்டுல்ல அத வாங்கணும். அந்த டாக்டர் பிள்ள அது மனசுல இருந்த எரக்கத்த எழுதிருச்சு. என் கால எழுதல."

எனக்கு அந்தத் துணிச்சல் பிடிபட நேரமாயிற்று. பாதகமான பொய்யை எதிர்க்க யாராலும் முடியும். சாதகமான பொய் வீட்டு வாசலில் வந்து நின்று, மாதந்தோறும் வருகிறேன் என்று சொல்லும்போது, நீ நான் இல்லை என்று திருப்பி அனுப்ப எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! கையில் வந்ததை விட்டுவிட்டு, கிடைக்குமா என்றே தெரியாத ஒன்றுக்காக.

இரண்டாவது மனுவையும் அவரே எழுதினார். டாக்டர் அறிக்கை என்மேல் உள்ள பரிவால் அதிகமாக எழுதப்பட்டது, என்னால் முடிகிற வேலைகள் அதில் விடுபட்டுவிட்டன என்று. தலைமை எழுத்தர் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இல்லாத ஊனத்தை எழுதச் சொல்லி வருகிறவர்களைத் தனக்குத் தெரியும் என்றார். இருக்கிற அளவுக்குக் குறைத்து எழுதச் சொல்லி மனுக் கொடுக்கிற ஆளை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று முட்டுவதால் மறு விசாரணைக்கு உத்தரவு போட்டார். முதலில் வந்த அதே அதிகாரிதான் மறுபடியும் வருவார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மதினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். கருவேலங்காடு ஜன்னலில் ஓடிக்கொண்டே இருந்தது. மாமாதான் என்ன சொல்லுவாகளோ என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு குறையும் இல்லை என்று ஊரறியச் சொன்னவர் அப்பா. அந்தச் சொல்லை அவரே, அதே ஆளிடம், திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பருத்தி விலையில்கூட ஒருமுறை சொன்னதை மாற்றாத மனிதர். அவர் மறுபடியும் நல்லா நடக்கும் என்று சொல்லிவிட்டால் பூத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. மதினி அவரிடம் கெஞ்சவில்லை, என்னையும் பேசவிடவில்லை. அவுக சொன்னது என்மேல உள்ள மதிப்புல என்றார்.

அதிகாரி வந்த அன்று மதினி அன்றாடம் கட்டுகிற நூல் சேலையில் இருந்தார். மூங்கில் கம்பு அவர் பக்கத்தில், சுவரோரம், எல்லோரும் பார்க்கும்படி சாய்ந்து நின்றது. அம்மா அதை ஒருமுறை பார்த்தாள், எடுக்கவில்லை.

அதிகாரி கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தார். தன் அறிக்கை பொய் என்று ஆகிவிட்டதே என்கிற வருத்தம் அவருக்கு. நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்பாவிடம்தான் கேட்டார்.

"ஒரு குறையும் இல்லைன்னு நீங்கதானே பெரியவரே சொன்னீங்க?"

பஸ் ஒன்று ரோட்டில் ஹாரன் அடித்துப் போவது கேட்டது. அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொன்னேன். அன்னைக்கு நீங்க விருந்தாளியா வந்தீக. விருந்தாளிட்ட வீட்டுக் கொறையச் சொல்லுவாகளாய்யா? இன்னைக்கு ஆபீசரா வந்திருக்கீக. கேளுங்க, சொல்றேன்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் காற்று வந்தது. மதினி நிலைக்கதவைப் பிடித்து நின்றபடியே, மாமா, இன்னைக்கு நான் ஒக்காந்துதான் பதில் சொல்லணும் என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அப்பாவிடம் நேராகப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஒக்காரு தாயி. நான் என்ன கோயில்ல இருக்க சாமியா?"

ஆனால் உட்காருவதற்கு முன் மதினி ஒரு காரியம் செய்தார். அன்று பார்க்காததைப் பார்த்துவிடுங்கள் என்று அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் பதறி, வேண்டாம்மா, எனக்குத் தெரியுது, எழுதிக்கிறேன் என்றார்.

"பாக்காம எழுதுனதாலதானய்யா இம்புட்டு அலைச்சலும்."

சொல்லிவிட்டு நிலையிலிருந்து கையை எடுத்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றிருப்பார். இடது முழங்கால் துணி மடிவதுபோல் மடிந்தது. அதிகாரியின் காகிதங்கள் தரையில் சிதறின, அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குள் மதினியின் கை நிலைக்குத் திரும்பியிருந்தது. உடம்பு எந்தப் பக்கம் சரியும் என்று அவருக்குத் தெரியும். சரியும்போதே பிடிமானத்தை நோக்கித்தான் சரிவார். பயப்படாதீங்கய்யா, விழுறது எனக்குப் பழக்கந்தான் என்று சொல்லிச் சிரித்தார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு மூச்சு நேரத்தின் மேல் எத்தனை வருஷ வேலையை அவர் கட்டி நிறுத்தியிருந்தார் என்று அன்று அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்தோம்.

பிறகு உட்கார்ந்தார். அதிகாரி கேட்கக் கேட்கப் பதில் சொன்னார். குடத்தைத் தூக்கி நடக்க முடியாது, ஆனால் தரையோடு நகர்த்திக்கொண்டு போக முடியும். படிக்கட்டு ஏறக் கம்பி வேண்டும். உட்கார்ந்த இடத்தில் காலையிலிருந்து இருட்டும் வரை இருக்க முடியும். எழுதுவார், கணக்குப் போடுவார், யாரோடும் பேசுவார். கூட்டாமல், குறைக்காமல். அதிகாரி ஓரிடத்தில் தானாகவே கூடுதலாக ஒரு வார்த்தை போட்டபோது, அது வேண்டாங்கய்யா, இருக்கது போதும் என்று திருத்தினார். அவரும் அடித்துவிட்டுச் சிரித்தார். தன் முதல் அறிக்கை தவறு என்று அவர் அதே தாளில், தன் கைப்பட, மேலே எழுதிக் கையெழுத்திட்டார். அந்த மனிதருக்கு நான் மனசுக்குள் எழுந்து நின்று கும்பிடு போட்டேன். தன் பிழையைத் தானே எழுதுகிற கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அறிக்கையின் நகல் ஒதுக்கீட்டு உத்தரவோடு சேர்ந்து வந்தது. அதற்குள் கோடை முடிந்து, ஒரு சுற்றுக் காற்றும் அடித்து ஓய்ந்திருந்தது. அண்ணன் ஷிப்டு முடிந்து வந்து, பஞ்சுத் தூசி ஒட்டிய தலையோடு, சத்தமாகப் படித்தான். மனுதாரர் பிடிமானம் இன்றி நிற்க இயலாதவர். ஊன்றுகோலுடன் சிறிது தூரம் நடப்பார். அமர்ந்த நிலையில் செய்யும் வேலைகளைப் பிறர் துணையின்றி முழுமையாகச் செய்யக்கூடியவர். அப்பா அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அண்ணன் வாசித்தான். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார், சரக்கு தரம்தான் என்று ஒப்புக்கொள்ளும்போது ஆட்டுவாரே, அப்படி.

மதினி உத்தரவை வாங்கிப் பார்த்தார். விலக்கில் எந்த இடம் என்று அதில் குறிக்கவில்லை. ரோட்டின் மேற்கே வைத்தால் சாயங்கால வெயில் முகத்தில் அடிக்காது, ஆனால் வீரசோழன் பக்கமிருந்து வருகிற பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். எந்தப் பக்கம் போடலாம் என்று என்னைக் கேட்டார். நான் நிழலைச் சொன்னேன்.

"ஆளு எறங்குற பக்கமே போடுவோம் கொழுந்தனாரே. வெயிலுக்குப் படுதா கட்டிக்கிடலாம்."

காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, ஆசாரியை வரச் சொல்லும்படி அண்ணனிடம் சொன்னார்.